சாமியைக் கிண்டல் பண்ணலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 'உண்டியல்' என்று ஒரு சிறுகதை வந்தது. ஊரார் போடும் காசில் கோயில் உண்டியல் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகும். அதற்கு இடம் வேண்டும் என்று நிர்வாகிகள் சுவரை இடிப்பார்கள், தூணை எடுப்பார்கள். கடைசியில் உண்டியல் கருவறை வாசலையே அடைத்துக்கொள்ளும். சாமி அபிஷேகத் தண்ணீர் போகிற கோமுகி வழியாக வெளியே இறங்கி, ஏரிக்கரைப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கதை இவ்வளவுதான். அதற்கு வந்த கடிதங்கள் இரண்டு கட்டு. திட்டி வந்தவைதான் அதிகம். எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் நாலு பேர் சேர்ந்து உண்டியல் கதையைக் கல்லூரி ஆண்டு விழாவில் நாடகமாகப் போட நினைத்தோம். வீட்டில் சொன்னதும் அப்பா, "சாமியைக் கிண்டல் பண்றதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கொண்டாந்த பழக்கம். நம்ம ஆளுங்க செய்யமாட்டாங்க" என்கிறார். அது நிஜமா?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: தம்பி, அப்பாவோடு வாதாடிக்கொண்டிருக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மகேந்திரவாடிக்குக் கூட்டிக்கொண்டு போ. காட்பாடி – அரக்கோணம் பாதையில் அந்தப் பேரிலேயே ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே ஒற்றைப் பாறை ஒன்றைக் குடைந்து பெருமாளுக்குக் கோயில் செய்திருக்கிறார்கள். செய்தவன் முதலாம் மகேந்திரவர்மன், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் இருந்து ஆண்ட பல்லவன். மகேந்திர தடாகத்தின் கரையில், மகேந்திரபுரத்தில், பாறையைப் பிளந்து முராரிக்கு வீடு செய்ததாக அங்கேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். வந்தவாசிப் பக்கம் சீயமங்கலத்தில் சிவனுக்கும் ஒரு குடைவரை செய்திருக்கிறான்.

அதே ராஜாதான் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நாடகத்தை சமஸ்கிருதத்தில் எழுதினான். பிரகசனம் என்றால் சிரிப்பு நாடகம். காபாலிகன் என்கிற சைவச் சாமியார் ஒருவன் குடித்துவிட்டுக் காஞ்சித் தெருவில் தள்ளாடி வருகிறான். பிச்சை வாங்கும் மண்டை ஓட்டைக் காணவில்லை. எதிரே வந்த புத்த பிக்குதான் திருடினான் என்று அவனைப் பிடித்துக்கொள்கிறான். அந்த பிக்கு எப்படிப்பட்டவன் தெரியுமா? "இத்தனை வசதி செய்து கொடுத்த புத்தர், கள்ளையும் பெண்ணையும் மட்டும் கூடாதென்று சொல்லியிருப்பாரா? பொறாமை பிடித்த கிழட்டு பிக்குகள் அந்த ஏட்டை ஒளித்திருப்பார்கள்" என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே வருகிறவன். நியாயம் சொல்ல ஒரு பாசுபதன், அவனும் ஒரு வகைச் சைவச் சாமியார்தான், வருகிறான், அவனும் லேசுப்பட்டவன் இல்லை. இந்தச் சச்சரவு முடியும்போது பார்த்தால், ஓட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது ஒரு நாய். உள்ளே சுட்ட கறி இருந்ததாம். நாயிடமிருந்து அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறான் ஒரு பைத்தியக்காரன்.

செய்யாறு பக்கம், தூசியை அடுத்த மாமண்டூர் குகையில் சிதைந்துபோன கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் 'மத்தவிலாசம்' என்ற பேரை வாசித்திருக்கிறார்கள். ஆக, கோயில் கட்டின கையும் சாமியாரைக் கிண்டல் செய்த கையும் ஒரே கை. அது நம் வட ஆற்காட்டு மண்ணில் கல்லாகவே கிடக்கிறது. வெள்ளைக்காரன் வருவதற்கு ஆயிரம் வருஷம் முந்தின கதை இது.

கல்வெட்டு அப்பாவுக்குத் தூரமாகத் தெரிந்தால், கூத்தை ஞாபகப்படுத்து. எங்கள் தாய்மாமா ஆரணிப் பக்கத்துக் கூத்து ஜமா ஒன்றில் கட்டியங்கார வேஷம் கட்டினார், கதையை நடத்திக்கொண்டே எல்லாரையும் கிண்டல் பண்ணுகிற கோமாளி வேஷம். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் அவர் பின்னாலேயே சுற்றினேன். திரௌபதை அம்மன் கோயில் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. சூது துகில் நடக்கும் ஒரு ராத்திரி. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தருமன் எல்லாவற்றையும் தோற்று நிற்கிறான். முகவீணை ஓய்ந்துவிட்டது. மாமா அவனை ஒரு சுற்று சுற்றி வந்தார். "ஏன் சாமி, நாட்டை வெச்சி ஆடினீங்க, தோத்தீங்க. தம்பிங்கள வெச்சி ஆடினீங்க, தோத்தீங்க. பொண்டாட்டியையும் வெச்சீங்க, போச்சி. நம்ம கோயிலுக்கு எழுதி வெச்ச பத்து ஏக்கரா நஞ்சை இருந்துச்சே, அதை இன்னா பண்ணீங்க? அதையும் நீங்களே வெச்சி ஆடினீங்களா, இல்ல வேற யார்னா ஆடினாங்களா?"

முன்வரிசையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்தான் அந்த நிலத்தைப் பத்து வருஷமாகக் குத்தகை கட்டாமல் உழுதுகொண்டிருந்தவர். முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அப்புறம் இளவட்டங்கள். கட்டில்காரர் எல்லாருக்கும் கடைசியாகச் சிரித்தார். மறுநாள் ஜமாவுக்கு வழக்கமாக அனுப்புகிற அரிசியையும் அனுப்பினார். நிலத்தை விட்டாரா என்றால், இல்லை. ஆனால் அதுவரைக்கும் திண்ணையில் குசுகுசுவென்று பேசினதை, அன்றைக்கு அம்மன் எதிரில் ஊரே சேர்ந்து கேட்டது. மாமா தருமனைத்தானே கேட்டார்? யார் போய் என்ன சண்டை போடமுடியும்?

நாடகத்தைப் போடு தம்பி. அப்பாவுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வை.

கேள்வி: கோமுகி வழியாகச் சாமி வெளியே போனதென்று எழுதியது எங்கள் கோட்டைக் கோயிலைக் குத்திக்காட்டத்தானே?
– வாசகர், வேலூர்

பதில்: கதை எழுதியவரிடம் கேட்டேன். அவர் நினைத்தது வேறு. ஆனால் வேலூர்க்காரருக்கு அப்படித் தோன்றியதில் தப்பே இல்லை. ஜலகண்டேசுவரர் எத்தனையோ காலம் கோட்டைக்குள் இல்லாமல், இப்போது நான் குடியிருக்கிற சத்துவாச்சாரியில் இருந்தார். 1981இல்தான் திரும்பக் கொண்டுபோய்ப் பிரதிஷ்டை செய்தார்கள். அதுவரை சிற்பமெல்லாம் அப்படியே இருக்க, கல்யாண மண்டபத்து யாளிகளெல்லாம் இருக்க, மூலஸ்தானம் மட்டும் வெறுமையாக இருந்த கோயிலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 'சாமி வெளியே போய்விட்டது' என்ற வரி நம் ஊரில் வேறு மாதிரிதான் காதில் விழும். உருவகக் கதையை எழுதியவர் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எந்தப் பூட்டில் போட்டுத் திருப்புவது என்பது படிக்கிறவர் கையில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் கோயில் உண்டியல் மட்டும்தான் கண்ணில் படுமா? மற்ற மதங்களைப் பற்றி இப்படி எழுத உங்கள் இதழுக்குத் தைரியம் உண்டா?
– சந்தாதாரர், ராணிப்பேட்டை

பதில்: கோபம் புரிகிறது. இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். கதை எழுதியவர் அந்தக் கோயிலுக்கு வாராவாரம் போகிறவர். தனக்குத் தெரிந்த வீட்டின் ஓட்டையைச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு ஓட்டையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால்தான் அந்த வீட்டில் எடுபடும். அப்படிச் சொன்னவர்கள் எல்லா மதத்திலும் இருந்திருக்கிறார்கள்.

ஜோனதன் ஸ்விஃப்ட் அயர்லாந்தில் பாதிரியார். 1704இல் பேர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு தகப்பன் சாகும்போது மூன்று மகன்களுக்கும் ஆளுக்கொரு சட்டை தருகிறான். உங்களோடு சேர்ந்து அதுவும் வளரும், ஒரு நூல்கூடச் சேர்க்காதீர்கள், எடுக்காதீர்கள் என்று உயிலில் எழுதி வைக்கிறான். சட்டை என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. மூத்தவன் ரோமாபுரிச் சபை, மற்ற இருவரும் அதிலிருந்து பிரிந்துபோன சபைகள். ஊரில் தோளில் குஞ்சம் வைத்துக்கொள்வது மோஸ்தராகிறது. இவர்களுக்கும் ஆசை. உயிலைப் புரட்டுகிறார்கள். 'குஞ்சம்' என்ற சொல் இல்லை. சரி, அசை அசையாகப் பிரித்தாவது இருக்கிறதா என்று தேடுகிறார்கள். அதுவும் இல்லை. அப்புறம் எழுத்து எழுத்தாகப் பொறுக்குகிறார்கள். ஒரே ஒரு எழுத்து அகப்படவில்லை. 'அது பிற்காலத்தில் நுழைந்த எழுத்து, அதற்குப் பதில் இதைப் போட்டால் போதும்' என்று மூத்தவன் தீர்ப்புச் சொல்ல, மூன்று பேரும் குஞ்சம் வைத்துக்கொண்டு வெளியே கிளம்புகிறார்கள்.

நான் இதை முதலில் கேட்டபோது, எங்கள் அச்சகத்துக்கு வந்த ஒரு நோட்டீஸ் ஞாபகம் வந்தது. திருவிழாவில் இன்ன தெருக்காரர்களுக்கு மட்டும் முதல் மரியாதை என்பதற்கு 'சாஸ்திரப்படி' என்று போட்டிருந்தார்கள். எந்த சாஸ்திரம் என்று கேட்டேன். கொண்டுவந்தவர், "போடுப்பா, எங்கனா இருக்கும்" என்றார்.

ஸ்விஃப்டுக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். தன் சபைக்குச் சாதகமாகத்தான் எழுதினார். ஆனாலும் அவருடைய ஆட்களே முகம் சுளித்தார்கள். டப்ளின் தேவாலயம் ஒன்றின் தலைமைக் குருவாக இருந்தார். பிஷப் பதவி கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை.

வெளியிலிருந்து வந்தவர் எழுதியதும் நம்மிடம் உண்டு. பரமார்த்த குருவையும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் அறியாத தமிழன் யார்? ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்க்கிற கதையை எழுதியவர் இத்தாலியிலிருந்து மதம் பரப்ப வந்த வீரமாமுனிவர். அந்தச் சிரிப்பு நமக்கு ஏன் காயமாகவில்லை? அவர் தமிழுக்குள் வாழ்ந்தவர், தமிழுக்கு அகராதி செய்தவர். சாமியை அவர் தொடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போகிறவனைத் தொட்டார். அப்படிப் போகிறவன் எல்லாச் சபையிலும் இருக்கிறான். ஆனாலும் அடுத்தவர் மதத்தைத் தொடுகிறவனுக்கு இரட்டைப் பொறுப்பு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆம்பூரிலிருந்தோ மேல்விஷாரத்திலிருந்தோ ஒருவர் தன் வீட்டுக் கதையை எழுதி அனுப்பினால், இதே பக்கத்தில் போடவேண்டும் என்று ஆசிரியரிடம் நானே கேட்பேன்.

கேள்வி: சாமியை நம்புகிற ஒருவரே சாமியைத் திட்டலாமா?
– வாசகி, போளூர்

பதில்: சுந்தரர் திட்டினாரே அம்மா. தடுத்தாட்கொண்ட ஈசனைப் 'பித்தா' என்று கூப்பிட்டுத்தான் திருவெண்ணெய்நல்லூரில் பாட்டையே ஆரம்பித்தார். கண் போனபின் திருவாரூரில் 'வாழ்ந்து போதீரே' என்று பாடினார், நீரே நல்லா இருந்துவிட்டுப் போம் என்று. அதைத் தேவாரம் என்று கோயிலில் ஓதுகிறோம்.

கேள்வி: உருவகம் என்ற பேரில் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்? பெரியார் மறைத்தா பேசினார்? இல்லை என்றால் இல்லை என்று நேராகச் சொல்வதுதானே நேர்மை?
– தோல் தொழிற்சாலை ஊழியர், வாணியம்பாடி

பதில்: நேராகச் சொல்வதற்கு என் முழு மரியாதை உண்டு தோழர். 1973 டிசம்பர் 24 அன்று பெரியார் கண்ணை மூடியது நம் வேலூர் சி.எம்.சி.யில். அப்போது எனக்கு 15 வயது. அப்புறம் அச்சகம் வைத்தபோது, கடவுள் மறுப்புக் கூட்ட நோட்டீசும் கும்பாபிஷேகப் பத்திரிகையும் சுவிசேஷத் துண்டுப் பிரசுரமும் ஒரே டிரெடில் மெஷினில்தான் ஓடின. ஒரே எழுத்தைக் கலைத்துப் போட்டு இன்னொன்றுக்குக் கோர்ப்போம். நேர்ப்பேச்சால் எத்தனை பேர் நிமிர்ந்தார்கள் என்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் உருவகத்தை ஒளிவிடம் என்று சொல்வதை ஏற்கமாட்டேன். சிவவாக்கியர் யாருக்குப் பயந்தார்? 'நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்' என்று நேராகவே கேட்டவர்தான். அதோடு விட்டாரா? 'சுட்ட சட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ' என்று அடுப்படிக்குப் போய்விட்டார். முதல் வரிக்குப் பக்தன் சண்டைக்கு வருவான். இரண்டாவது வரியில் அவன் வீட்டுச் சட்டி, அவன் வீட்டுக் கரண்டி வந்துவிடுகிறது. தினமும் குழம்பில் கிடந்தும் கரண்டிக்கு ருசி தெரியாது என்பதை அவன் மறுக்க முடியாது. மறுக்காமல் ஒரு நிமிஷம் நின்றானென்றால், தினமும் கோயிலிலேயே கிடக்கும் நானும் அப்படித்தானோ என்ற கேள்வி அவனுக்கு உள்ளேயிருந்து வரும். நாம் சொல்லி வருகிற கேள்வியும் அவனுக்கே வருகிற கேள்வியும் ஒன்றா? உருவகம் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

எதை எதற்கு உவமையாக வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். உண்டியல் கதையில் எனக்கு ஒரு குறை உண்டு, எழுதியவரிடமும் சொன்னேன். நிர்வாகிகள் எல்லாரும் தொந்தி பெருத்தவர்கள் என்று எழுதியிருக்கிறார். அது அடையாள அட்டை ஒட்டுகிற வேலை. பெருக்கவேண்டியது உண்டியல் ஒன்றுதான்.

கேள்வி: இப்படி எழுதினால் கேஸ் போடுவார்களா?
– வாசகர், காட்பாடி

பதில்: சட்டம் சுருக்கமாக இதுதான். 1927இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவு. தண்டனை மூன்று வருஷம் வரை. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு பிரிவினரின் மத உணர்வைப் புண்படுத்துவதுதான் குற்றம் என்று அதில் இருக்கிறது. 1957இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் விளக்கியது. அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட் வழக்கை எடுக்க முடியாது. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுக்க யாராலும் முடியும். அலையவிடுவதே தண்டனையாகிவிடுகிற இடம் அது. எழுதுகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும், எழுதுவதை நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: அண்ணா, என் மாமியாருக்கு ஆடி வெள்ளியில் சாமி வரும். காலேஜ் படிக்கிற என் மகன் அதைச் செல்போனில் வீடியோ எடுத்து, சினிமாப் பாட்டைச் சேர்த்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான். கேட்டால், "மூடநம்பிக்கையைக் கிண்டல் பண்ணக்கூடாதா? நீ படிக்கிற பத்திரிகையே பண்ணுதே" என்கிறான். என்ன பதில் சொல்வது?
– இல்லத்தரசி, ஆரணி

பதில்: தங்கச்சி, இத்தனை கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது உன் கடிதம்தான்.

மேலே என் மாமாவைப் பற்றிச் சொன்னேன். பாரதத்தில் அர்ச்சுனன் தபசு என்று ஒரு நாள் வரும். உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே படி படியாக ஏறுவார். குழந்தை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருப்பார்கள். மேலேயிருந்து அவர் வீசுகிற எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் மடியில் விழவேண்டும். ராத்திரி முழுக்க ராஜாவையும் ரிஷியையும் வாரின மாமா, அந்த நேரத்தில் தலைக்குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றுகொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஏன் மாமா என்று ஒருதரம் கேட்டேன். "அதுங்க அழுவுதுங்கடா" என்றார். வேறு விளக்கம் எதுவும் தரவில்லை.

இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்த நான்தான் 1986இல் ஒரு காரியம் செய்தேன். படிப்பு வட்டம் ஒன்றின் ஆண்டு மலருக்கு நகைச்சுவைக் கதை எழுதினேன். ஆடி மாதம் சாமி வந்து, 'பட்டுப்புடவை குடு' என்று கேட்கிற ஒரு பெண்ணைப் பற்றி. பேரை மாற்றினேன். ஆனால் நடை, பேச்சு, நெற்றியில் தழும்பு எல்லாம் எங்கள் அச்சகத்தில் ஃபாரம், அதாவது அச்சடித்த பெரிய தாள், மடிக்கிற அக்காவுடையது. மலரும் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாயிற்று. 500 பிரதி. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கதை இருந்த ஃபாரத்தை அவரேதான், எலும்புக் கத்தியால் ஓரம் நீவி நீவி, ஐந்நூறையும் மடித்து அடுக்கினார். நான் எதிரே உட்கார்ந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த அவர் பெண் அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலையில் வழக்கம்போல வந்தார். தண்ணீர்ப் பானையை நிரப்பினார். என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்: "எல்லாம் கரெக்டா எழுதிக்கீற தம்பி. பையன் ஏரியில போனதுக்கப்புறம்தான் எனக்கு வர ஆரம்பிச்சதுன்னு அதை மட்டும் ஏன் எழுதல?"

எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் விட்டிருந்தேன். அதைச் சேர்த்தால் கதையில் சிரிப்பு வராது. மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடு" என்று சொல்லிவிட்டு ஃபாரம் மடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் எங்களோடு வேலை செய்தார். கையில் மிஞ்சியிருந்த பிரதிகளை அந்த வாரமே கிழித்தேன். போனவை போனவைதான்.

உன் மகன் கேட்பது நல்ல கேள்வி, அதை அடக்கிவிடாதே. உண்டியல் கதையில் அடி வாங்குகிறவன் சாவியைக் கையில் வைத்திருக்கிறவன். அவன் எடுத்த வீடியோவில் இருப்பது அவனுடைய பாட்டி, அதுவும் தன் நினைவு இல்லாத நேரத்தில். ஆடி வெள்ளிக்குச் சாமி கேட்கிறது என்று ஊரில் யாராவது ரசீதுப் புத்தகம் போட்டுப் பணம் வசூலிக்கிறார்களா? அவர்களை வைத்து ஒரு நாடகம் எழுதட்டும், நானே திருத்திக் கொடுக்கிறேன்.

வீடியோவை அனுப்பிய இடங்களிலெல்லாம் நீக்கச் சொல்லு. அதற்கு முன்னால் ஒரு வேலை. சாயங்காலம் பாட்டி வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவனைப் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லு. முதல்முதலாக எப்போது, எந்த வருஷம் சாமி வந்தது என்று அவனே கேட்கட்டும். செல்போனை உள்ளே வைத்துவிட்டுப் போகச் சொல்லு.